தேசிங்கு மந்திரம் கற்கலாமா?
பாத்திர ஏற்பு ஆட்டத்தில் துறைமயக்கம்

செஞ்சி வட்டத்தில் வல்லம் என்றோர் ஊர் உண்டு. தஞ்சைக்கு அருகிலுள்ள வல்லமும், செங்கற்பட்டுக்கு அருகில் குடைவரைக் கோயில் கொண்ட வல்லமும் வேறு. இது தேசிங்குராசன் கதை இன்றும் வழங்கும் மண்ணைச் சேர்ந்த வல்லம். இப்பகுதியிலிருந்து வந்து நம் துறையிற் பயிலும் மாணவர் சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் ஒருவகைக் கதையாட்டத்தில் ஈடுபாடு கொண்டுள்ளனர். தம் ஆட்டத்திற்குத் தேசிங்கையே கதைமாந்தனாக அமைக்க விரும்பிய அவர்கள், "ஐயா, வீரனாகிய தேசிங்கு மந்திரமும் கற்றால் இன்னும் வலிமை பெறுவான் அல்லவா?" என்று வினவினர். விளையாட்டாகக் கேட்கப்பட்ட வினாவெனினும் விடை எளிதன்று. கணக்கும் இலக்கணமும் அதிற் கலந்துள்ளன. அவற்றை இங்கே விரித்துரைக்க முற்படுகின்றோம்.

ஆட்டத்தை அறியாத பெரியோருக்காகச் சில சொற்கள். "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்னும் இவ்வாட்டம் 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவரால் வெளியிடப் பெற்றது. காய்களும் கட்டங்களும் இன்றியமையாதன அல்ல. ஒருவர் கதை நடத்துநராக இருந்து சூழலைச் சொல்வார். ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, அவர் இன்னது செய்கிறார் என்பர். செயல் கைகூடுமா என்பதை இருபது முகப் பகடை ஒன்று தீர்மானிக்கும். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் கதையை நடத்திச் செல்வதை ஒருவாறு இதற்கு ஒப்பிடலாம். ஆனால் கூத்தில் முடிவு முன்பே தெரியும், இங்கே தெரியாது.

இதன் வேரைத் தேடிச் சென்றால் நம் நாட்டிற்கே வந்து சேரலாம். இந்தியச் சதுரங்கம் பாரசீகம் சென்று, அரபு நாட்டில் வளர்ந்து, ஐரோப்பாவை அடைந்தது. அப்பாசியர் காலத்து அஸ்-சூலி சதுரங்கம் பற்றி நூலே எழுதியவர். செருமானிய நாட்டில் எல்விக் என்பார் 1780இல் சதுரங்கத்தைப் பெரிதாக்கிப் போராட்டம் ஒன்றை அமைத்தார். 1824இல் பிரசியப் படை அதிகாரியான ரைசுவிட்சு படைப்பயிற்சிக்குரிய ஆட்டமாக மற்றொன்றை வழங்கினார். இவ்வழியில் வந்த போராட்டங்களிலிருந்தே கைகாக்சும் ஆர்னிசனும் தம் கதையாட்டத்தை உருவாக்கினர். படையை நடத்துவதற்கு மாறாக ஒரு தனிமனிதனாக ஆடுதல் என்பதே அவர்கள் செய்த புதுமை.

பகடை என்றவுடன் நம் சமுதாயப் பெரியோர் தயங்குவர். அத்தயக்கத்தை ஒதுக்கிவிட்டு மேலே செல்லுதல் முறையன்று. சூதைத் திருக்குர்ஆன் ஐந்தாம் அத்தியாயம் விலக்குகிறது. நர்த் என்னும் பகடை ஆட்டத்தைக் கண்டிக்கும் நபிமொழியும் உண்டு. பந்தயம் இல்லாதபோதும் பகடை ஆட்டம் கூடாதென்று மார்க்கச் சட்ட அறிஞருள் பலர் கருதினர்; பந்தயமே தடைக்குக் காரணம் என்றோரும் உளர். தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கில்லை. ஆடுவதற்கு முன் ஆலிம்களிடம் கேட்டறிவது மாணவர் கடன். இக்கட்டுரை பேசுவது ஆட்டத்தின் முற்பகுதியாகிய கதைமாந்தரை அமைக்கும் கலையை மட்டுமே. அதற்குப் பகடை வேண்டுவதில்லை. தாளும் எழுதுகோலும் கூட்டல் கழித்தலும் போதும்.

மாந்தரின் அமைப்பு

2014ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளையே இங்குக் கொள்கிறோம். 2024இல் அப்பதிப்பு திருத்தப்பட்டது. வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சுட்டுவோம்.

ஒவ்வொரு மாந்தருக்கும் ஆறு திறன்கள் உண்டு. அவற்றை வலிமை, விரைவு, உடலுறுதி, கல்வியறிவு, நுண்ணுணர்வு, ஆளுமை என்று தமிழில் வழங்கலாம். எல்லாத் திறனும் 8 என்னும் எண்ணில் தொடங்கும். நம் கையில் 27 புள்ளிகள் தரப்படும். அவற்றைச் செலவிட்டுத் திறன்களை உயர்த்தலாம். 13 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு புள்ளி. 14க்கு மொத்தம் 7 புள்ளி, 15க்கு 9 புள்ளி. 15க்கு மேல் தொடக்கத்தில் வாங்க இயலாது. 10க்கு மேல் ஏறும் ஒவ்வோர் இரண்டுக்கும் பகடை எண்ணோடு 1 கூடும். 10க்குக் கீழே சென்றால் அதே முறையில் குறையும். பிறப்பாலும் பின்னணியாலும் வரும் சிறு கூடுதல்களை விளக்கத்தின் எளிமை கருதி விட்டுவிடுகிறோம்.

அடுத்து, மாந்தரின் துறை. படைவீரன், அறப்போர் வீரன், கானவன், கற்ற மந்திரவாதி, பிறவி மந்திரவாதி எனப் பன்னிரண்டு துறைகள் உள. பாணன் என்றும் ஒரு துறை உண்டு. இசையால் துணைவர்க்கு ஊக்கம் தருபவன் அவன். மேலைநாட்டார் தம் பழம்பாடகரை எண்ணி அமைத்தது நம் யாழ்ப்பாணனையும் நினைவூட்டுவது தமிழ் மாணவர்க்கு மகிழ்ச்சி தரும். ஒவ்வொரு துறையிலும் இருபது படிகள். அனுபவம் சேரச்சேர மாந்தன் படியேறுவான். படிக்குப் படி புதிய ஆற்றல் கிட்டும்.

ஏறும் படியை முன்னைய துறையிலேயே எடுக்காமல் வேறொரு துறையில் எடுத்துக்கொள்ளவும் விதி இடந்தருகிறது. ஆங்கிலத்தில் மல்டிகிளாஸ் என வழங்கும் இதனைத் "துறைமயக்கம்" என்று பெயரிடலாம். மயக்கம் என்பது கலத்தல். தொல்காப்பியம் பயின்றோர்க்குச் சொல்லத் தேவையில்லை. (வகுப்புமயக்கம் என்றே முதலில் பெயரிட எண்ணினோம், பிற்பகல் வகுப்புகளின் நிலையறிந்து அதனைக் கைவிட்டோம்.)

இவ்வுரிமை தொடக்கத்தில் எல்லார்க்கும் இருந்ததன்று. 1978ஆம் ஆண்டின் ஆட்டக்காரர் கையேட்டில் மனிதர் அல்லாத இனத்தாரே இரு துறைகளை ஒருங்கே பயிலலாம். மனிதர் ஒரு துறையை நிறுத்திவிட்டே மற்றொன்றிற்குச் செல்ல முடியும். 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பே, யார் வேண்டுமாயினும் எப்படிக்கும் எத்துறையையும் எடுக்கலாம் என்று கதவைத் திறந்தது. கதவு திறந்தபின் கணக்கர்கள் நுழைந்தார்கள். எத்துறையோடு எத்துறையைச் சேர்த்தால் உச்சப் பயன் கிட்டும் என்பதே ஒரு தனி ஆராய்ச்சியாயிற்று.

இப்போது தேசிங்கு

வரலாற்றில் தேசிங்கு என்பவன் தேஜ்சிங். செஞ்சிக் கோட்டையை முகலாயர் சார்பில் காத்த புந்தேல மரபினன் சொரூப்சிங்கின் மகன். தந்தை இறந்த 1714ஆம் ஆண்டிலேயே ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் பெரும்படையைச் சிறு குதிரைப்படையோடு எதிர்த்து அவ்வாண்டு அக்டோபரில் களத்தில் வீழ்ந்தான். அவன் உயிர்த்தோழன் மகமத்கான். திருமணப் பந்தலிலிருந்தே போருக்குப் புறப்பட்டான் என்று கதைப்பாடல் கூறும். அவனும் அப்போரில் மாய்ந்தான். இந்து மன்னனுக்காக முசுலிம் நண்பன் முசுலிம் நவாபின் படையை எதிர்த்த கதை அது. சமயத்தால் மக்களைப் பிரித்துக் காட்டுவோர் இதனை எவ்வாறு பாடுவர் என நாம் எண்ணியதுண்டு. 1960இல் வந்த ராஜா தேசிங்கு திரைப்படத்தில் தோழர் இருவராகவும் எம்.ஜி.ஆர். ஒருவரே நடித்தார், நடிகர்க்கு அத்தகைய மயக்கம் எளிது.

ஆட்டத்தில் தேசிங்கைப் படைவீரனாக அமைப்போம். வலிமை 15, உடலுறுதி 14, ஆளுமை 13, விரைவு 12, நுண்ணுணர்வு 10, கல்வியறிவு 8. புள்ளிகள் 9, 7, 5, 4, 2 ஆக 27. கோட்டைத் தலைவனுக்குப் பொருத்தமான அமைப்பே.

இவன் மந்திரம் கற்க வேண்டுமாயின் விதி ஒன்று குறுக்கே நிற்கும். பழைய துறைக்குரிய திறனும் புதிய துறைக்குரிய திறனும் 13க்குக் குறையாதிருத்தல் வேண்டும். கற்ற மந்திரவாதிக்கு உரியது கல்வியறிவு. அதனை 8இலிருந்து 13 ஆக்க 5 புள்ளி தேவை. வலிமையையும் உடலுறுதியையும் குறைத்தால் வீரனே இல்லை. ஆகவே ஆளுமையிலிருந்த 5 புள்ளியை எடுத்துக் கல்வியறிவில் இடுகிறோம். கணக்கு நேராயிற்று, ஆனால் ஆளுமை 8 ஆகிவிட்டது. யாரையும் தன்பின் வரச் செய்ய இயலாத ஒரு தேசிங்கு! முந்நூறு ஆண்டுகளாகப் பாட்டுடைத் தலைவனாக நிற்பவனுக்கு இதைவிடப் பெரிய இழப்பு யாது?

இழப்பு அவ்வளவே எனில் பொறுக்கலாம். பத்தாம் படியில் இவன் வீரத்தில் 5, மந்திரத்தில் 5 என நிற்பதாகக் கொள்வோம். பகைவனைக் கட்டிப்போடும் மந்திரம் ஒன்றை எய்கிறான். பகைவன் அதனை உதற வேண்டிய இலக்கு எண் இவ்வாறு பெறப்படும்: 8, அதனோடு பத்தாம் படிக்குரிய தேர்ச்சி 4, அதனோடு கல்வியறிவு தரும் கூடுதல். நம் தேசிங்கின் கூடுதல் 1; ஆகவே இலக்கு 13. தொடக்கம் முதல் மந்திரமே பயின்று கல்வியறிவை 19க்கு வளர்த்தவனின் கூடுதல் 4. அவன் இலக்கு 16. உதறும் ஆற்றல் 3 உள்ள பகைவன் தேசிங்கின் மந்திரத்தில் நூற்றுக்கு 45 முறையே சிக்குவான்; மற்றவன் மந்திரத்தில் 60 முறை சிக்குவான். பாதிக்கு மேற்பட்ட வேளைகளில் பயனற்றுப் போகும் மந்திரத்திற்காக ஐந்து படிகளைச் செலவிட்டிருக்கிறான் நம் மன்னன்.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. பகைவனை நோக்கிய மந்திரத்தைக் கல்லாது தன்னையே காக்கும் மந்திரங்களை மட்டும் கற்றால், கல்வியறிவு குறைவாயினும் கேடில்லை. அடி விழும் கணத்தில் தற்காப்பை 5 உயர்த்தும் கேடய மந்திரம் முதல் தரத்தது. 13 அறிவுடையவனுக்கும் 20 அறிவுடையவனுக்கும் அது ஒன்றுபோலவே பயன்படும். துறைமயக்கத்தில் தேர்ந்தவர்கள் இவ்வாறே தெரிவு செய்வர்.

ஐந்தாம் படி

மயக்கத்தின் பெருந்தீங்கு இடையில் நேர்வது. கற்ற மந்திரவாதி ஐந்தாம் படியில்தான் மூன்றாம் தர மந்திரங்களைப் பெறுகிறான். படைவீரன் ஐந்தாம் படியில்தான் ஒரே முறையில் இருமுறை தாக்கும் ஆற்றலைப் பெறுகிறான். வீரத்தில் 3, மந்திரத்தில் 2 என ஏறியவனுக்கு ஐந்தாம் படியில் இவ்விரண்டும் இல்லை. துணைவர் எல்லாரும் ஒரு தாவலில் ஆற்றைக் கடந்துவிட, இவன் மட்டும் நீரின் நடுவே நிற்பான். பத்தாம் படியில் இருகரையும் எட்டுவான் என்பது உண்மையே. ஆனால் ஆட்டம் பத்தாம் படி வரை செல்லுமா? பருவத்தேர்வும் விடுமுறையும் இடையிட்டு, கல்லூரிக் குழுக்களின் கதைகள் பல அதற்கு முன்னரே நின்றுவிடுகின்றன. இருபதாம் படியின் உச்சத்தைக் கணக்கிட்டுத் தாள்தாளாக எழுதும் மாணவரைக் காணுந்தோறும், அந்த உச்சம் வரை பசியோடு நடப்பவன் யார் என்றே கேட்கத் தோன்றுகிறது.

நான்காம் படியையும் மறத்தலாகாது. பெரும்பாலான துறைகளில் 4, 8, 12, 16, 19 ஆம் படிகளிலேயே திறன்களை உயர்த்தும் வாய்ப்பு வரும். இது அவ்வத் துறையின் படியைப் பொறுத்தது. மொத்தப் படியைப் பொறுத்ததன்று. ஒரு துறையை மூன்றாம் படியில் நிறுத்துவோர் அவ்வாய்ப்பின் வாசலில் திரும்பிவிடுகின்றனர்.

எத்துறையில் தொடங்குவது என்பதும் வேறுபாடு விளைக்கும். படைவீரனாகத் தொடங்கிப் பின் மந்திரம் கற்பவன் கனமான கவசம் அணியலாம். உடலுறுதியால் உதறும் தேர்ச்சியும் அவனுக்கு உண்டு. அடிபடும்போது மந்திரத்தின்மீது வைத்த கவனம் சிதறாமல் காப்பது அத்தேர்ச்சியே. மந்திரவாதியாகத் தொடங்கிப் பின் வீரனானால் இவ்விரண்டும் கிட்டா. எண்கள் ஒன்றே, வரிசை வேறு. இதனாலேயே வீரத்தில் ஒரே ஒரு படி கால் நனைத்துவிட்டு எஞ்சிய வாழ்நாளெல்லாம் மந்திரத்தில் செல்வோர் பலர். இரண்டு படி நனைத்தால் ஒரே முறையில் மற்றொரு வினையும் ஆற்றும் வாய்ப்பு கிட்டும். அவ்வினையை மந்திரத்திற்குப் பயன்படுத்தலாகாது என்று 2024ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்துவிட்டது. கணக்கர்கள் வருந்தினர், நமக்கு அத்தடை நியாயமாகவே படுகிறது.

உரிப்பொருள் மயங்காது

எனின், நல்ல மயக்கமே இல்லையோ? உண்டு. இங்கே நம் இலக்கணம் கைகொடுக்கிறது. அகத்திணையியலில் திணை மயங்குதற்கு இடம் தரும் தொல்காப்பியர், உரிப்பொருள் அல்லாதவற்றிற்கே அவ்விசைவை வழங்குகிறார். ஒரு திணையின் பறவை மற்றொரு திணையில் வந்து ஒலிக்கலாம்; புணர்தலும் பிரிதலும் ஒன்றாகிவிட்டால் பாட்டு நில்லாது. ஆட்டத்திலும் திறனே உரிப்பொருள். இரண்டு துறைகளும் ஒரே திறனை உயிராகக் கொண்டிருந்தால் மயக்கம் சிறக்கும். இருவேறு திறன்களை வேண்டினால் 27 புள்ளி போதாது.

அறப்போர் வீரனும் பிறவி மந்திரவாதியும் இதற்குச் சான்று. கற்ற மந்திரவாதியின் உயிர் கல்வியறிவு. பிறவி மந்திரவாதியின் உயிரோ ஆளுமை. அறப்போர் வீரனுக்கு வலிமையோடு ஆளுமையும் உயிர். ஆளுமையில் இட்ட ஒவ்வொரு புள்ளியும் இருமுறை பயன் தருகிறது. அறப்போர் வீரன் இரண்டாம் படியில் தன் மந்திர ஆற்றலை வாள்வீச்சில் ஏற்றி அடிக்கக் கற்கிறான். அதற்கு வேண்டிய ஆற்றலைப் பிறவி மந்திரம் நிரம்பத் தருகிறது. இக்கூட்டு அளவுகடந்து சென்றமையால்தான் 2024இல் அவ்வடியை ஒரு முறைக்கு ஒன்று எனக் கட்டுப்படுத்தினர் போலும். இதிலும் ஒரு குறை உண்டு. அறத்தில் 2, மந்திரத்தில் 8 என நிற்பவனுக்கு ஐந்தாம் தர மந்திரத்திற்குரிய கலம் கிட்டும். அக்கலத்தில் இடத்தக்க ஐந்தாம் தர மந்திரம் தெரியாது. பெரிய பானையில் சிறுசோறு.

ஒரே திறன் பலவற்றைத் தாங்கும் என்பதற்கு ஆட்டத்தை விட்டு வெளியேயும் சான்று காட்டலாம். கோட்டாற்றை அடுத்த இடலாக்குடியிற் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். நூறு செயல்களில் ஒருங்கே கவனம் வைத்தல் அது. பார்ப்போர்க்கு நூறு துறைகள். பாவலர்க்கோ நினைவாற்றல் என்னும் ஒன்றே. அவர் நூறு திறன்களுக்குத் தம் புள்ளிகளைப் பகிர்ந்திருந்தால் எட்டு அவதானங்கூட எளிதாயிராது.

தோழன் என்னும் துறை

மாணவர் வினாவுக்கு மீள்வோம். தேசிங்கு ஏன் மந்திரம் கற்க விரும்புகிறான்? வாளால் தடுக்க முடியாதவற்றைத் தடுப்பதற்கு. அவ்வேலையை மகமத்கானிடம் விட்டுப் பார்க்கலாமே.

ஆட்டத்தின் அடிப்படை விதி, ஒருவர்க்கு ஒரு முறையில் ஒரு வினை என்பது. வாளும் மந்திரமும் கற்றவன் வாளை வீசும்போது பெரும்பாலும் மந்திரம் சும்மா இருக்கும். மந்திரம் சொல்லும்போது வாள் உறையில் கிடக்கும். இருவர் இரண்டு துறையில் நின்றால் ஒரே சுற்றில் இரண்டும் நிகழும். தனித்துச் செல்பவனுக்கு மயக்கம் அரணாகலாம். குழுவாகச் செல்வோர்க்கு அடுத்த நாற்காலியில் இருப்பவரே இரண்டாம் துறை. நம் மாணவர் வரைந்த தாள்களிலோ நால்வரும் தனித்தனியே எல்லாம் வல்லவராக முயன்றிருந்தனர். விளைவு, நால்வரும் ஐந்தாம் படியில் ஆற்றின் நடுவே நின்றனர்.

மகமத்கானை அறப்போர் வீரனாக அமைத்துப் பார்ப்போம். சூளுரைத்து அதனைக் காப்பவன் என்பதே அத்துறையின் இலக்கணம். மணப்பந்தலிலிருந்து எழுந்து வந்தவனுக்கு வேறெது பொருந்தும்? வலிமை 15, ஆளுமை 15, உடலுறுதி 14, நுண்ணுணர்வு 10, ஏனைய இரண்டும் 8. புள்ளிகள் 9, 9, 7, 2 ஆக 27. நான்காம் படியில் வரும் உயர்வை ஆளுமைக்கே தந்தால் அது 17 ஆகும், கூடுதல் 3. ஆறாம் படியில் அறப்போர் வீரனுக்கு ஓர் ஆற்றல் வருகிறது. அவனைச் சுற்றிப் பத்தடிக்குள் நிற்கும் துணைவர் எத்தீங்கை உதற முயன்றாலும் அவன் ஆளுமையின் கூடுதல் அவர்கள் எண்ணோடும் சேரும். இருபது முகப் பகடையில் 3 என்பது நூற்றுக்கு 15.

தேசிங்கு இதற்காக ஒரு படியும் இழக்கவில்லை. அவன் ஆளுமை 13 ஆகவே இருக்கிறது. ஐந்தாம் படியில் இருமுறை தாக்குகிறான். பதினோராம் படியில் மும்முறை தாக்குவான். அவன் கைக்கொள்ள வேண்டியது ஒன்றே: குதிரையை நண்பனிடமிருந்து பத்தடிக்கு அப்பால் செலுத்தலாகாது. நம் மாணவர்க்கு இதுவே கடினமாக இருக்கும். முன்னே பாய்வதற்கென்றே தேசிங்கைத் தெரிந்தெடுத்தவர்கள் அவர்கள்.

மகமத்கான் நினைவிழந்து வீழ்ந்தால் அக்கணமே அந்த 3 நீங்கிவிடும். ஆறாம் படியில் அவன் கைதொட்டு ஆற்றக்கூடிய காயம் நாளொன்றுக்கு 30 அளவு. ஆனால் வீழ்ந்தபின் தன்னைத் தான் தொட்டு ஆற்றிக்கொள்ள அவனால் இயலாது. ஆதலின் தேசிங்கின் இடைக்கச்சையில் மருந்துக் குப்பி ஒன்று இருத்தல் வேண்டும். 2014ஆம் ஆண்டு விதிப்படி அதனை நண்பனுக்குப் புகட்ட அம்முறைக்குரிய வினை முழுவதும் செலவாகும். அச்சுற்றில் தேசிங்கின் வாள் வீசப்படாது.